மிதமான காற்றிலேயே தொலைநோக்கி நடுங்குகிறது: குறை முக்காலியிலா, குழாயிலா?

கார்த்திகைக் கூட்டம் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். 200 மி.மீ. துளையும் 1200 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட நியூட்டோனியன் (ஆடியால் ஒளியைக் குவிக்கும்) தொலைநோக்கி ஒன்றை, வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கியான ஈக்குவட்டோரியல் மவுண்ட்டில் ஏற்றி, அலுமினிய முக்காலியின் மேல் நிறுத்தி, மொட்டைமாடியில் வைத்துப் பார்த்து வருகிறேன். காற்று அடங்கிய இரவுகளில் 6 மி.மீ. ஐபீஸைப் (கண்ணருகு வில்லை) போட்டு 200 மடங்கில் வியாழனைப் பார்த்தால், இரண்டு பெரிய பட்டைகளும் அவற்றின் ஓரத்தில் உள்ள நெளிவுகளும்கூடத் தெரிகின்றன. ஆனால் மரத்தின் சிறு கிளைகள் அசையும் அளவுக்குக் காற்று எழுந்தாலே கோள் முழுவதும் இப்படியும் அப்படியுமாகத் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு துடிப்பு அடங்குவதற்குள் அடுத்த வீச்சு வந்துவிடுவதால், ஒரு மணி நேரம் ஐபீஸருகே நின்றாலும் உண்மையில் கோளைப் பார்த்த நேரம் சில நிமிடங்களுக்கு மேல் தேறுவதில்லை.

பக்கத்து வீட்டு விளக்குகளின் வெளிச்சம் குழாய்க்குள் விழாமல் இருப்பதற்காகக் குழாயின் வாயில் 25 செ.மீ. நீளத்துக்குக் கறுப்பு நுரைத்தாளால் ஓர் உறை செய்து மாட்டியிருக்கிறேன். மாடியின் கைப்பிடிச் சுவர் மார்பளவு உயரம் என்பதால், அதற்கு மேலாகப் பார்ப்பதற்காக முக்காலியின் கால்களை முழுவதுமாக நீட்டி வைத்திருக்கிறேன். மவுண்ட்டை வாங்கிய இடத்தில் கேட்டபோது, முக்காலியின் நடுவில் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிடும்படி சொன்னார்கள். தொங்கவிட்டுப் பார்த்தேன், பெரிய மாற்றம் எதுவும் இல்லை, சில வேளைகளில் முன்னைவிட மோசமாகக்கூடத் தோன்றியது.

இன்னொன்று எனக்குப் புரியவே இல்லை. வீச்சு வீச்சாக அடிக்கும் காற்றில் படம் தாறுமாறாகக் குதிக்கிறது, அது இயல்புதான். ஆனால் ஓர் இரவு, அதைவிட மென்மையாக, ஒரே சீராக வீசிய காற்றில், விண்மீன் ஒழுங்கான தாளத்தில் ஒரே கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கனமான மவுண்ட் வாங்குவதுதான் வழியா, அல்லது இருப்பதை வைத்துக்கொண்டே ஏதாவது செய்ய முடியுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஊசல் எழுதியது:

மவுண்ட்டை மாற்றும் எண்ணத்தைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். உங்கள் விவரிப்பிலேயே இரண்டு காரணங்கள் கண்ணில் படுகின்றன, இரண்டும் செலவில்லாமல் சரிசெய்யக்கூடியவை. ஆனால் அவற்றைச் சொல்வதற்கு முன், நீங்கள் காண்பது குழாயின் ஆட்டம்தான், வளிமண்டலக் கொந்தளிப்பு அல்ல என்பதை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. வளிமண்டலம் கலங்கும்போது நிலவின் விளிம்பு நீருக்கடியில் கிடப்பதைப் போல அலையலையாக நெளியும். ஒரு பள்ளம் ஒரு பக்கமும் அதன் அருகிலுள்ள இன்னொன்று வேறு பக்கமும் நகரும். குழாய் ஆடும்போது வடிவம் சிதையாது. பார்வைப் புலத்தில் உள்ள அனைத்தும் ஒரே திசையில், ஒரே அளவில், ஒரே நேரத்தில் நகரும். கோள் முழுவதும் துடிப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால் இது இரண்டாவது வகைதான் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு சிறிய அசைவு இந்தப் பாட்டைப் படுத்துகிறது என்பதை முதலில் பாருங்கள். ஒரு மீட்டர் நீளக் குழாயின் ஒரு முனை 0.05 மி.மீ., அதாவது மெல்லிய தலைமுடியின் தடிமன் அளவுக்கு, விலகினால் குழாய் நோக்கும் திசை சுமார் 10 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) மாறுகிறது. 200 மடங்கு உருப்பெருக்கத்தில் அது 2000 வில்விநாடியாக, வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அகலத்துக்குச் சற்று மேலாகவே, கண்ணில் விழுகிறது. வியாழனின் விட்டம் அது பூமிக்கு அருகில் இருக்கும் காலத்தில் 45 வில்விநாடியை ஒட்டியிருக்கும் என்பதால், முடியளவு அசைவிலேயே கோள் தன் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு துள்ளிவிடும். ஆகவே கையால் பிடித்து ஆட்டிப் பார்த்து "மவுண்ட் கெட்டியாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்வதில் பொருளில்லை.

இனி காற்றின் விசை. காற்றழுத்தம் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். சிறு கிளைகள் ஓயாமல் அசையும் காற்று ஏறத்தாழ விநாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. வேகம் கொண்டது, அதன் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 15 நியூட்டன். உங்களுடையதைப் போன்ற குழாய் சுமார் 1.15 மீட்டர் நீளமும் 23.5 செ.மீ. அகலமும் கொண்டது என்று கொண்டால், பக்கவாட்டில் வீசும் காற்று அதை ஏறத்தாழ 4 நியூட்டன் விசையோடு தள்ளுகிறது. 400 கிராம் எடையைக் கையில் வைத்தால் உணரும் விசைதான். அதனால் முக்காலி கவிழ்ந்துவிடப் போவதில்லை. குழாயைத் திருப்புவது இந்த விசையின் அளவு மட்டுமல்ல. அது மவுண்ட்டின் அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் செயல்படுகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

நியூட்டோனியனில் கனமான முதன்மை ஆடி அடியில் இருப்பதால், குழாயைச் சமன்செய்து மாட்டும்போது அச்சு அடிமுனைக்கு நெருக்கமாக அமைகிறது. அடியிலிருந்து 43 செ.மீ. உயரத்தில் அச்சு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அச்சுக்கு மேல் 72 செ.மீ. குழாயும் கீழே 43 செ.மீ. குழாயும் காற்றுக்கு முகம் கொடுக்கின்றன. மேல்பகுதி ஒரு திசையில் திருப்பப் பார்க்கிறது, கீழ்ப்பகுதி அதற்கு எதிர்த்திசையில். மிஞ்சுவது சுமார் 0.6 நியூட்டன்–மீட்டர். இப்போது உங்கள் நுரைத்தாள் உறையைச் சேர்த்துப் பாருங்கள். அதன் பரப்பு சிறியது, அதன் மேல் விழும் விசையும் 0.9 நியூட்டன்தான், ஆனால் அது அச்சிலிருந்து 85 செ.மீ. தொலைவில் இருப்பதால், அது மட்டுமே சுமார் 0.75 நியூட்டன்–மீட்டர் திருப்புவிசையைக் கொடுக்கிறது. எடையே இல்லாத அந்தத் தாள், முழுக் குழாயும் தருவதைவிட அதிகமான திருப்பத்தைத் தருகிறது என்பதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்தபோது நானே திரும்ப ஒருமுறை பெருக்கிப் பார்த்தேன்.

இரண்டாவது காரணம் கைப்பிடிச் சுவர். சுவர் காற்றைத் தடுக்கத்தானே செய்யும் என்று தோன்றும். கால்களை நீட்டியதால் குழாயின் மேல்பாதி சுவருக்கு மேலே வந்துவிட்டது, கீழ்ப்பாதி சுவரின் மறைவில் நிற்கிறது. மேலே சொன்ன கணக்கில் எதிர்த்திசையில் திருப்பி ஓரளவு ஈடுசெய்துகொண்டிருந்த கீழ்ப்பகுதியின் மேல் இப்போது காற்று படுவதில்லை. குழாய் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும்போது, மேலுள்ள 50 செ.மீ. மட்டும் காற்றில் இருந்தால், உறையைக் கணக்கில் சேர்க்காமலேயே திருப்புவிசை 0.8 நியூட்டன்–மீட்டருக்கு மேல் போய்விடும். ஆக, குழாய் முழுவதும் காற்றில் நிற்பதைவிடப் பாதி மறைந்து நிற்பது கேடு. போதாக்குறைக்கு, சுவரின் விளிம்பைத் தாண்டி வரும் காற்று அங்கே பிய்ந்து சுழல்வதால், அந்த உயரத்தில்தான் கொந்தளிப்பு மிகுதியாக இருக்கும்.

சீரான காற்றில் ஒழுங்காக ஆடியதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உருளையான எந்தப் பொருளைக் கடந்து காற்று சென்றாலும், அதன் பின்புறத்தில் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிகள் கழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுழி கழலும்போதும் உருளைக்குக் காற்றுக்குக் குறுக்காக ஒரு சிறு இழுப்பு கிடைக்கும். விநாடிக்கு எத்தனை முறை என்பதை ஏறத்தாழச் சொல்ல ஓர் எளிய வழி உண்டு: காற்றின் வேகத்தை உருளையின் விட்டத்தால் வகுத்து 0.2 ஆல் பெருக்க வேண்டும். உங்கள் குழாய்க்கு விநாடிக்கு 4 மீட்டர் காற்றில் அது 3.4 என்று வருகிறது. நம்மைப் போன்றவர்களின் மவுண்ட்டும் முக்காலியும் தாமாக ஆடும் வேகம் பெரும்பாலும் விநாடிக்குச் சில முறைகள் என்ற அளவிலேயே இருப்பதால், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதைப் போல ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். உயரமான புகைபோக்கிகளின் மேற்பகுதியில் சுருளாகச் சுற்றி வரும் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இந்தச் சுழிகள் ஒரே நேரத்தில் கழலாமல் கலைப்பதற்காகவே வைக்கப்பட்டவை. குழாயைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. கயிறு காற்றின் பொதுவான தள்ளலைக் கூட்டிவிடும்.

இதைச் சோதிக்க ஒரு வழி: ஒரு விண்மீனைப் புலத்தின் நடுவில் வைத்துக்கொண்டு, காற்று வீசும் திசையிலேயே குழாயின் மேல்முனையை விரல் நுனியால் மெல்லத் தள்ளி, விண்மீன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நியூட்டோனியனில் படம் திரும்பித் தெரிவதால் இதைச் செய்யாமல் திசையைக் கணிக்க முடியாது. பிறகு காற்றில் ஆடும்போது அதே கோட்டில் ஆடினால் அது வீச்சுகளின் தள்ளல். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக ஆடினால் சுழிகளின் வேலை.

கடைசியாக, உங்கள் அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணை அளந்துவிடுங்கள். ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, ஜெர்மனியின் ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது, கைபேசியின் முடுக்கமானியைக் கொண்டு அதிர்வுகளைப் பிரித்துக் காட்டும். கைபேசியைக் குழாயின் மேல் ரப்பர் பட்டையால் இறுகக் கட்டி, குழாயை ஒருமுறை தட்டினால், வரைபடத்தில் எந்த எண்ணில் முகடு எழுகிறது என்று தெரியும். அந்த எண்தான் இனி உங்களுக்கு அளவுகோல். குழாயின் நிலைமம் மாறாமல் இருக்க, விறைப்பைக் கூட்டி அந்த எண்ணை இரட்டிப்பாக்கினால், அதே காற்றுக்கு ஏற்படும் விலகல் நான்கில் ஒன்றாகக் குறையும்.

பழைய முக்காலி எழுதியது:

ஊசல் அவர்கள் கணக்கைத் தெளிவாகப் போட்டுவிட்டார். நான் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறேன்.

முதலில் அந்தக் கால்களை உள்ளே தள்ளுங்கள். ஒரு முனையில் பிடிக்கப்பட்ட தண்டின் மறுமுனையைத் தள்ளினால் அது வளையும் அளவு, நீளத்தின் முப்படியைப் பொறுத்தது. நீளத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே வளைவு பாதியாகிவிடும். போதாததற்கு, நீட்டிய காலின் கீழ்த்துண்டு மேல்துண்டைவிட மெல்லியது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு திருகு மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். நியூட்டோனியனில் ஐபீஸ் குழாயின் மேல்முனையில் இருப்பதால், கால்களை நீட்டவே தேவையில்லை. நீட்டினால் உச்சிவானத்தைப் பார்க்க ஏணிதான் தேடவேண்டும். சுவருக்கு மேலே பார்ப்பதற்காக என்றீர்கள். சுவர் மறைப்பது அடிவானத்தை ஒட்டிய வானம். அந்த உயரத்தில் 200 மடங்கு போட்டால், காற்றே இல்லாவிட்டாலும் கோள் கொதிநீரில் போட்டதைப் போலத்தான் தெரியும்.

அடுத்தது மணல் மூட்டை. இதை எல்லோரும் சொல்கிறார்கள், கேட்டவர்களும் அப்படியே செய்கிறார்கள். எடை இரண்டு இடங்களில் மட்டும் உதவும்: முக்காலி இலேசாக இருந்து கால்நுனிகள் தரையில் வழுக்கும்போதும், கால்களின் மூட்டுகளில் தளர்வு இருந்து அது அழுத்தத்தால் இறுகும்போதும். முக்காலியின் உலோகம் வளையும் அளவை எடை குறைக்காது. மேலும், அரை மீட்டர் கயிற்றில் தொங்கும் மூட்டை என்பது ஓர் ஊசல் (பெயரைப் பறிக்கவில்லை, நண்பர் மன்னிக்கவும்); ஏறத்தாழ ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை ஆடும். காற்று வீச்சுகள் வந்து போகும் கதியும் அதை ஒட்டியே இருப்பதால், மூட்டை காற்றில் ஆட, அது முக்காலியை ஆட்ட, நீங்கள் சொன்ன "முன்னைவிட மோசம்" நிகழ்ந்திருக்கும். எடை வைத்தே தீரவேண்டுமென்றால் மூன்று கால்களையும் இணைக்கும் தட்டின் மேல் வைத்துக் கட்டுங்கள், அல்லது மூட்டையின் அடி தரையைத் தொடும்படி விடுங்கள்.

இனி மூட்டுகளைத் தேடுங்கள். ஒரு பிரகாசமான விண்மீனை 200 மடங்கில் வைத்துக்கொண்டு, ஒரு கையின் ஒற்றை விரலால் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பாருங்கள்: காலின் நடுப்பகுதி, காலின் மேல்மூட்டு, முக்காலித் தலை, மவுண்ட்டின் அடி, துருவ உயரத் திருகு, எதிர் எடைத் தண்டு, குழாயைப் பிடிக்கும் வளையங்கள், அவற்றைத் தாங்கி மவுண்ட்டில் பொருந்தும் டவ்டெயில் பட்டை. விரலை எடுத்ததும் விண்மீன் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டால் அங்கே உலோகம் வளைகிறது, அவ்வளவுதான். திரும்பாமல் வேறிடத்தில் நின்றுவிட்டால் அங்கே தளர்வு இருக்கிறது, இறுக்க வேண்டிய திருகு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. என் அனுபவத்தில் பத்தில் எட்டு முறை, முக்காலித் தலையையும் மவுண்ட்டையும் இணைக்கும் நடுப்போல்ட்டில்தான் பிழை இருந்திருக்கிறது. இருட்டில் மாட்டும்போது "போதும்" என்று விட்டுவிடுகிறோம்.

அதிர்வு தாங்கும் ரப்பர் அடைகளை முக்காலியின் கால்களுக்கு அடியில் வைப்பதைப் பற்றி யாராவது சொல்வார்கள். படத்தைக் கூர்மைப்படுத்தும் ஃபோகசரைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தபின் படம் அடங்குவதற்கு ஆகும் நேரத்தை அவை நன்றாகக் குறைக்கின்றன, குறிப்பாகக் கான்கிரீட் தளத்தில். ஆனால் காற்றுக்கு நான் வைத்துப் பார்த்தவரையில் அவற்றால் பயன் எதுவும் கிடைக்கவில்லை; மென்மையான ஒன்றின் மேல் நிற்கும் முக்காலி காற்றுக்கு இன்னும் கொஞ்சம் எளிதாகச் சாய்கிறது என்றுகூடத் தோன்றியது.

வேறொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினேழாம் நூற்றாண்டில் டான்சிக் நகரில் (இன்றைய போலந்தின் கடான்ஸ்க்) ஹெவேலியஸ் என்ற வானியலாளர் சுமார் 46 மீட்டர் நீளத்தில் ஒரு தொலைநோக்கியை உயர்ந்த கம்பம் ஒன்றில் கயிறுகளால் தொங்கவிட்டுப் பயன்படுத்திப் பார்த்தார். இலேசான காற்றுக்கே அது வளைந்து ஆடியதால், அதைக்கொண்டு பார்க்க முடிந்த இரவுகள் மிகக் குறைவு. உங்கள் குழாயின் நீளம் அதில் நாற்பதில் ஒரு பங்கு. மனம் தளர வேண்டாம்.

நீள்வெளிப்பாடு எழுதியது:

படம் எடுப்பவன் என்ற முறையில் ஒரு பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். 3.76 மைக்ரோமீட்டர் பிக்சல் கொண்ட கேமராவை 1200 மி.மீ. குவியத்தூரத்தில் மாட்டினால், ஒரு பிக்சல் வானத்தில் 0.65 வில்விநாடியை மறைக்கிறது. ஐபீஸில் கண் பொறுத்துக்கொள்ளும் 3 வில்விநாடி ஆட்டம் படத்தில் ஏறத்தாழ ஐந்து பிக்சல் நீளக் கோடாகிவிடும். அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் காற்றின் கைரேகை தெரியும்: இரண்டு முனைகளும் பிரகாசமாகவும் நடுப்பகுதி மங்கலாகவும் இருக்கும். ஆடும் பொருள் திரும்பும் இடங்களில்தான் அதிக நேரம் தங்குகிறது என்பதால் அப்படி. துருவ ஒழுங்கு (மவுண்ட்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி நிறுத்துவது) பிசகியதால் வரும் கோடு முழுவதும் ஒரே பிரகாசமாக இருக்கும்.

கைடிங் (ஒரு விண்மீனைத் துணைக் கேமராவால் கண்காணித்து மவுண்ட்டின் நகர்வைத் திருத்துவது) செய்தால் காற்றைச் சமாளித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டு விநாடிக்கு ஒருமுறை விண்மீனைப் பார்த்துத் திருத்தம் அனுப்பும் ஒன்று, விநாடிக்கு நான்கு முறை ஆடும் ஆட்டத்தை எப்படித் திருத்தும்? அதைவிடத் தொல்லை, ஒரு வீச்சு குழாயைத் தள்ளுகிறது, கைடர் அதைக் கண்டு திருத்தம் அனுப்புகிறது, அதற்குள் வீச்சு ஓய்ந்து குழாய் தானாகவே திரும்பிவிடுகிறது. திருத்தமே புதிய பிழையாகிவிடுகிறது. காற்றுள்ள இரவுகளில் நான் பிஎச்டி2 என்ற கைடிங் மென்பொருளில் திருத்தத்தின் தீவிரத்தைக் குறைத்து, சிறிய விலகல்களுக்கு அது அசையாதபடி குறைந்தபட்ச நகர்வின் அளவைக் கூட்டி, கைடு கேமராவின் வெளிப்பாட்டை 3 அல்லது 4 விநாடியாக நீட்டிவிடுவேன். ஐந்து நிமிடப் படங்களுக்குப் பதிலாக ஒரு நிமிடப் படங்களாக எடுத்துவிட்டு, கெட்டவற்றைத் தூக்கி எறிவேன்.

பழைய முக்காலி அவர்கள் விட்டுவிட்ட ஓரிடம், மவுண்ட்டைச் சுழற்றும் வார்ம் கியர் (திருகுப் பற்சக்கரம்). பற்களுக்கு இடையே சிறிதளவு இடைவெளி எப்போதும் இருக்கும். குழாயை மிகச் சரியாகச் சமன்செய்துவிட்டால், அந்த இடைவெளிக்குள் அது எந்தப் பக்கமும் சாயாமல் மிதந்துகொண்டிருக்கும். இலேசான காற்றும் அதை இந்தப் பல்லுக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவே தட்டி விளையாடும். அதனால் கிழக்குப் பக்கம் ஒரு துளி கனமாக இருக்கும்படி எதிர் எடையை நகர்த்தி, பற்கள் எப்போதும் ஒரே பக்கம் ஒட்டியிருக்குமாறு செய்கிறோம். மவுண்ட் மேற்கு நோக்கிச் சுழலும்போது மோட்டார் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டே போகும். கேமரா, சூடேற்றும் பட்டை ஆகியவற்றின் வயர்களையும் குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். காற்றில் அடித்துக்கொள்ளும் ஒரு யூஎஸ்பி வயர் எனக்கு ஒரு முழு இரவைக் கெடுத்திருக்கிறது.

கார்த்திகைக் கூட்டம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று இரவுகள் சோதித்துவிட்டு எழுதுகிறேன்.

எதையும் தொடாமல் முதலில் கைபேசியைக் கட்டிக் குழாயைத் தட்டியதில் முகடு 3.5 ஹெர்ட்ஸில் எழுந்தது. ஐபீஸில் விண்மீன் அடங்க ஆறு விநாடி ஆயிற்று. பிறகு விரல் சோதனை. காலின் நடுவில் அழுத்தியபோது விண்மீன் நகர்ந்து திரும்பியது. மவுண்ட்டின் அடியில் அழுத்தியபோது புலத்தின் பாதித் தூரம் தாவி அங்கேயே நின்றுவிட்டது. நடுப்போல்ட்டைப் பிடித்துத் திருகினால் கால்சுற்றுக்கு மேல் இறுகியது! ஒவ்வோர் இரவும் அதை இறுக்கியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையுறையோடு திருகியதால் பிடி போதவில்லை போலும்.

போல்ட்டை இறுக்கி, கால்களை முழுவதும் உள்ளே தள்ளி, மூட்டையைத் தட்டின் மேல் வைத்துக் கட்டி, மறுபடி அளந்ததில் முகடு 6.5 ஹெர்ட்ஸுக்கு வந்துவிட்டது, அடங்கும் நேரம் இரண்டு விநாடிக்கும் குறைவு. உறையை மட்டும் கடைசியாகக் கழற்றினேன். அதற்கு முன்னும் பின்னும் அதிர்வெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் காற்று வந்தபோது வியாழன் துள்ளிய தூரம் கண்கூடாகக் குறைந்தது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. உறை இல்லாததால் பக்கத்து விளக்கின் வெளிச்சம் மீண்டும் உள்ளே வருகிறது. சுவரின் மேல் ஒரு நிழல்வலை கட்டினால் விளக்கையும் மறைக்கும், காற்றையும் குறைக்குமா? அல்லது தார்ப்பாய் நல்லதா?

ஊசல் எழுதியது:

உறை நுரைத்தாளால் ஆனது, எடையற்றது. ஆகவே குழாய் எவ்வளவு வேகமாக ஆடும் என்பதை அது மாற்றாது. காற்று எவ்வளவு வலுவாகப் பிடித்துத் திருப்புகிறது என்பதை மட்டுமே மாற்றும். நீங்கள் கண்டது அதைத்தான்.

உங்கள் எண்களில் எனக்கு மகிழ்ச்சி அளித்தது வேறொன்று. 3.5 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தும் சுழிகள் உங்கள் குழாயின் விட்டத்துக்கு விநாடிக்கு 4.1 மீட்டர், அதாவது மணிக்கு 15 கி.மீ. வேகக் காற்றில் உருவாகும். நீங்கள் சொன்ன அந்தச் சீரான, மென்மையான காற்றின் வேகம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்கும். இப்போது 6.5 ஹெர்ட்ஸோடு பொருந்த மணிக்கு 27 கி.மீ. காற்று வேண்டும், அந்தக் காற்றில் நீங்களே தொலைநோக்கியைக் கீழே இறக்கிவிடுவீர்கள். சாதாரண வீச்சுகளுக்கான விலகலும், விறைப்பு கூடியதால் மட்டுமே, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருக்க வேண்டும்.

பழைய முக்காலி எழுதியது:

தார்ப்பாய் வேண்டாம், வலைதான். காற்றை முழுவதும் மறிக்கும் எதுவும் அதன் விளிம்பில் பெரிய சுழல்களை உருவாக்கும். நீங்கள் இப்போது சுவரோடு படும் அதே பாடு, இன்னும் உயரத்தில். பாதி துளையும் பாதி இழையுமாக உள்ள வலை காற்றைக் கசியவிட்டு அதன் வேகத்தைக் குறைக்கிறது, சுழல்களும் சிறியவையாக நொறுங்கிவிடுகின்றன. காற்று வரும் பக்கம் மட்டும் கட்டினால் போதும். குழாயின் மேல்முனையும் வலையின் உயரத்துக்குக் கீழே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பாதி மறைந்து நிற்கும் பழைய கதைதான்.

வலையை ஒட்டி நிற்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள். குழாயின் அச்சுக்கு மேல் வலை ஒரு மீட்டர் எழும்பியிருந்தால், மூன்று மீட்டர் தள்ளி நின்றபோது அது மறைப்பது அடிவானத்திலிருந்து 18 பாகை வரையிலான வானத்தை மட்டும்தான். வலையை நான்கு மூலையிலும் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் காற்றில் படபடத்து, கட்டியிருக்கும் கம்பியையும் கம்பி நிற்கும் தளத்தையும் அடித்துக்கொண்டே இருக்கும்.

கார்த்திகைக் கூட்டம் எழுதியது:

வலை கட்டியாயிற்று. நேற்றிரவு சிறு கிளைகள் அசைந்துகொண்டுதான் இருந்தன; ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி, வியாழனின் மேல் அதன் நிலவான ஐயோவின் நிழல் கறுப்புப் புள்ளியாக ஊர்ந்து போனதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்தேன். இடையிடையே இரண்டு மூன்று முறை கோள் சிலிர்த்துக்கொண்டது, அவ்வளவே. நடுப்போல்ட்டில் வெள்ளை வண்ணத்தால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், இறுக்கியபின் அது முக்காலித் தலையிலுள்ள கோட்டோடு சேரவேண்டும்.